ஆட்டத்தை ஆக்கியோரும் ஆடுவோரும்



2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த விருது விழாவில், 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணினி விளையாட்டு அவ்வாண்டின் தலைசிறந்த விளையாட்டு என்று கௌரவிக்கப்பெற்றது. அதை உருவாக்கியது பெல்ஜிய தேசத்து லாரியன் நிறுவனம். ஆயினும் அதன் கதையுலகமும் விதிகளும், அதில் உலவும் அசுரர்களும் மந்திரவாதிகளும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மேசையைச் சுற்றி அமர்ந்து மனிதர் ஆடிவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்திலிருந்து பெறப்பட்டவை. அந்தக் கொண்டாட்டத்தின் ஆரவாரம் அடங்குமுன், நான்கே நாட்களில், அவ்வாட்டத்தைப் பிரசுரிக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் பதிப்பகத்தைத் தன் உடைமையாகக் கொண்ட ஹாஸ்ப்ரோ கம்பெனி, தன் ஊழியருள் 1,100 பேரை வேலையினின்று நீக்கவிருப்பதாக அறிவித்தது. அதற்கு முன்பே, அதே ஆண்டில், 800 பேர் நீக்கப்பட்டிருந்தனர். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்த அச்சமயத்தில் வேலை இழந்தவர்களுள், அந்த ஆட்டத்தின் நூல்களை எழுதியவர்களும், சித்திரங்களை நெறிப்படுத்தியவர்களும், அவற்றைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். 2014இல் வெளியாகி அவ்வாட்டத்துக்குப் புத்துயிர் அளித்த ஐந்தாம் பதிப்பை வடிவமைப்பதில் தலைமை வகித்தவர்களுள் ஒருவரான மைக் மெர்ல்ஸும் அவர்களுள் ஒருவர்.

இந்த வேலைநீக்கத்தை அந்த ஆட்டத்தின் அபிமானிகள் எவ்வாறு ஏற்றுக்கொண்டார்கள், அவர்களுடைய துக்கமும் கோபமும் எதைச் சாதித்தன, எதைச் சாதிக்கவில்லை என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். விளையாட்டைப் பற்றிய பேச்சுக்கு இத்தனை கௌரவமான சபை எதற்கு என்று யாரேனும் நினைக்கக்கூடும். ஒரு கலையை நேசிப்பவர்களுக்கும் அக்கலையைத் தம் உழைப்பால் உண்டாக்குபவர்களுக்கும் இடையே உள்ள பந்தம் யாது என்ற கேள்வி எந்தச் சபைக்கும் தகுந்ததென்றே நான் கருதுகிறேன். அக்கேள்விக்குச் சமீப காலத்தில் இவ்வளவு தெளிவான திருஷ்டாந்தம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதை நடத்துபவர்; அவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை, வீரனாகவோ சூனியக்காரியாகவோ திருடனாகவோ, கற்பித்துக்கொண்டு, அப்பாத்திரத்தின் வலிமையையும் குறைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். நடத்துபவர் ஒரு சூழ்நிலையை வருணிக்க, ஆடுவோர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. வெற்றி தோல்வி என்பது அங்கே பெரிதில்லை. வாரந்தோறும் கூடி வருஷக்கணக்கில் ஒரே கதையைத் தொடர்ந்து வளர்ப்பவர்கள் உண்டு. பதிப்பகம் அச்சிட்டுத் தரும் விதிநூல், இராகத்தின் ஆரோகண அவரோகணத்தைச் சொல்லித் தருவது போன்றது. ஆலாபனை செய்ய வேண்டியவர் ஆடுபவரே.

ஆதலின் இந்த ஆட்டத்தின் அபிமானி, சினிமா பார்ப்பவரைப் போலவோ நாவல் படிப்பவரைப் போலவோ, முடிந்துபோன சிருஷ்டியை எதிரில் நின்று அனுபவிப்பவர் அல்லர். தாமும் பாதி சிருஷ்டிகர்த்தா என்ற உணர்வு அவருக்கு உண்டு, அவ்வுணர்வு நியாயமானதும்கூட. நூலை எழுதியவர் யார், ஒரு விதி ஏன் இப்படி அமைந்தது, சென்ற பதிப்பில் அது எப்படி இருந்தது என்பவற்றையெல்லாம் அவர் அறிவார்; அறியாதவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவர் சொல்லித் தருவார். பொம்மை செய்யும் தொழிற்சாலையில் ஆள் குறைத்தால், பொம்மை வாங்கிய குடும்பம் அதை அறியக்கூடப் போவதில்லை. இந்தப் பதிப்பகத்தில் ஒரு வடிவமைப்பாளர் வேலை இழந்தாலோ, அவர் பெயரைச் சொல்லி வருந்துவதற்கு, அவரை ஒருபோதும் சந்தித்திராத ஆயிரக்கணக்கானவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அன்றியும், இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே ஒரு வேலையிழப்பு இருக்கிறது. அதைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், சிகாகோ நகரத்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்துவந்தவர். 1970இல் அந்த உத்தியோகம் போயிற்று. மனைவியையும் மக்களையும் வைத்துக்கொண்டு, விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், செருப்புப் பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காத்துக்கொண்டே அவர் யுத்த விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதினார். டேவ் ஆர்னெசன் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய புதிய ஆட்டத்தை, 1973இல் நண்பரொருவருடன் தொடங்கிய டி.எஸ்.ஆர். என்ற சிறு பிரசுராலயத்தின் வாயிலாக, 1974 ஜனவரியில், ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டார். அதன் பின் நிகழ்ந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். ஆர்னெசன் 1976இல் பிரிந்துசென்று, தமக்குரிய ராயல்டிக்காக நியாயஸ்தலத்தை நாட நேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அபாரமாக வளர்ந்த டி.எஸ்.ஆர்., சில ஆண்டுகளுக்குள்ளாகவே தன் ஊழியர்களில் பெரும்பகுதியினரை அலையலையாக வெளியேற்றியது. 1985இல் கைகாக்ஸே தாம் நிறுவிய கம்பெனியின் ஆதிக்கத்தை இழந்தார். கடனில் மூழ்கிய அந்தப் பிரசுராலயத்தை 1997இல் விசார்ட்ஸ் வாங்கிற்று. விசார்ட்ஸை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கிற்று.

எனவே 2023 டிசம்பரில் நிகழ்ந்தது புதிய கொடுமையன்று. நான்காம் பதிப்பு வெளியான 2008க்குப் பின் வந்த டிசம்பர்கள் சிலவற்றிலும் விசார்ட்ஸில் ஆட்குறைப்பு நடந்ததைப் பழைய அபிமானிகள் நினைவில் வைத்திருந்தார்கள். ஆயினும் இம்முறை எழுந்த கொதிப்பு முன்பு காணாதது. அதற்குக் காரணம் கணக்கேட்டில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகையில், ஹாஸ்ப்ரோவின் பொம்மை வியாபாரம் 18 சதவீதமும், திரைப்படம் முதலிய கேளிக்கைப் பிரிவின் வருமானம் 42 சதவீதமும் சரிந்திருக்க, விசார்ட்ஸும் கணினி விளையாட்டுகளும் அடங்கிய பிரிவின் வருமானமோ 40 சதவீதம் உயர்ந்திருந்தது. 2019இல் ஏறத்தாழ 400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஈ-ஒன் என்னும் திரைப்படக் கம்பெனியை, நான்கே ஆண்டுகளில், அதில் எட்டில் ஒரு பங்கு அளவான விலைக்கு விற்க வேண்டிய நிலைக்கு ஹாஸ்ப்ரோ வந்திருந்தது. நஷ்டத்தை உண்டாக்கிய தீர்மானம் ஒருவருடையது, லாபத்தை ஈட்டிய உழைப்பு வேறொருவருடையது, தண்டனை பின்னவருக்கும் வந்து சேர்ந்தது. இதைப் புரிந்துகொள்ள அர்த்தசாஸ்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை; அபிமானிகள் உடனே புரிந்துகொண்டார்கள். லாரியன் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் வின்கே, தம் விளையாட்டுக்கு வித்திட்ட முதல் ஆலோசனைக் கூட்டத்தில் விசார்ட்ஸின் தரப்பில் அமர்ந்திருந்தவர்களில் அநேகமாக ஒருவரும் அங்கே மிஞ்சவில்லை என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னபோது, அக்கொதிப்பு இன்னும் மிகுந்தது.

அந்தக் கொதிப்பு எத்தனை வடிவம் எடுத்தது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். தலைமை நிர்வாகியின் ஊதியத்தையும் நீக்கப்பட்டவர்களின் சம்பளத்தையும் அருகருகே வைத்துக் காட்டிச் சினந்தவர்கள் பலர். இனி இந்தக் கம்பெனியின் நூலொன்றையும் வாங்குவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர்கள் சிலர். வேறு பதிப்பகங்களில் காலியிடம் இருந்தால் தெரிவிக்கும்படி வேண்டியவர்களும், நீக்கப்பட்டவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டிருந்த சிறு நூல்களைத் தேடிப் பிடித்து வாங்கியவர்களும் உண்டு. இவர்களுடைய காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் அடுத்த மாத வாடகைக்கு உதவக்கூடியது அதுவே. வியாபாரமென்றால் இப்படித்தான், இதற்கு ஏன் இத்தனை புலம்பல் என்று கேட்டவர்களும் இல்லாமற் போகவில்லை.

இவற்றினிடையே, சொல்லவே மனம் கூசுகின்ற ஒரு வகையும் இருந்தது. தமக்குப் பிடிக்காத விதியை எழுதியவர் வேலை இழந்தார் என்று மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். ஒரு மந்திரத்தின் பலத்தைக் குறைத்தார், ஒரு பழைய உலகத்தை மாற்றியெழுதினார் என்பதற்காக, முகமறியாத ஒரு மனிதர் தம் ஜீவனோபாயத்தை இழந்ததைக் கண்டு ஆனந்தப்படும் அளவுக்கு அபிமானம் திரிந்துபோக முடியும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நிர்வாகம் செய்த தவறுகளுக்கெல்லாம் எழுத்தாளரையே பொறுப்பாளியாக்கிய சினமும் இதனோடு கலந்திருந்தது. நூலின் முகப்பில் எழுத்தாளரின் பெயர் தெரிகிறது, முடிவெடுத்தவரின் பெயர் தெரிவதில்லை; அதனால் வசை, தெரிகின்ற பெயரையே தேடிச் செல்கிறது. ஆட்டத்தில் தாமும் பாதி சிருஷ்டிகர்த்தா என்று சற்று முன் சொன்ன உணர்வின் இருண்ட பக்கம் இது. தமக்கும் உரிமையுள்ளது என்று கருதும் பொருளை இன்னொருவர் கெடுத்துவிட்டார் என்ற ஆத்திரம், அந்த இன்னொருவரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர் என்பதை மறக்கச் செய்துவிடுகிறது.

ஆறுதல் சொன்னவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை இழந்தவர்கள் திறமைசாலிகள், அவர்கள் தனியே புதிய ஆட்டங்களை உருவாக்குவார்கள், ஆகையால் இதனால் நன்மையே விளையும் என்று நல்ல மனத்தோடு சொன்னவர்கள் அநேகர். கைகாக்ஸின் சரித்திரமே அவர்களுக்கு ஆதாரம். 2002இல் விசார்ட்ஸிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய பைஸோ என்னும் பதிப்பகமும் மற்றோர் ஆதாரம். ஆனால் நான் இந்த ஆறுதலை ஏற்பதற்கில்லை. அமெரிக்க தேசத்தில் உழைப்போரில் பெரும்பாலோருக்கு வைத்தியக் காப்பீடு உத்தியோகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வேலை போனால் குழந்தையின் மருந்துச் செலவும் கேள்விக்குறியாகிறது. நிரந்தர உத்தியோகம் இல்லாமல் இத்துறையில் எழுதுபவர்களுக்குச் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில் கூலி. இந்த நிலையில், மறுபடி எழுந்து நிற்பவர்களின் பெயரை மட்டுமே சரித்திரம் குறித்துவைக்கிறது; துறையையே விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. கைகாக்ஸ் செருப்புத் தைத்தார் என்பது, ஒருவர் பட்ட துன்பத்தின் விவரமே தவிர, பிறரைத் துன்பத்தில் தள்ளுவதற்கு நியாயமாகாது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருகிறேன்.

அதே 2023ஆம் ஆண்டின் ஜனவரியில் இதே அபிமானிகள் இதே கம்பெனியை எதிர்த்து வெற்றி கண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு முதல், விசார்ட்ஸ் வழங்கியிருந்த ஒரு பொது உரிமத்தின் கீழ், யார் வேண்டுமாயினும் அவ்வாட்டத்தின் அடிப்படை விதிகளைப் பயன்படுத்தித் தம் நூல்களை வெளியிட முடிந்தது. நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் அதை நம்பியே வாழ்ந்தார்கள். அவ்வுரிமத்தைச் செல்லாததாக்கி, பெரிதாக விற்பவர்களிடம் வருமானத்தில் பங்கு கேட்கும் புதிய உரிமத்தின் வாசகம் ஜனவரி 5ஆம் தேதி ஒரு பத்திரிகையாளர் மூலம் வெளிவந்தது. அபிமானிகள் வெகுண்டனர், கம்பெனியின் 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற சேவைக்குக் கட்டிவந்த சந்தாவைக் கூட்டங்கூட்டமாக நிறுத்தினர். மூன்று வாரங்கள் கழிந்த மறுநாளே, ஜனவரி 27ஆம் தேதி, நிர்வாகம் பணிந்தது. பழைய உரிமத்தைத் தொடவில்லை என்று அறிவித்ததோடு, அடிப்படை விதிகளை மீட்டுக்கொள்ள இயலாத பொதுவுடைமை உரிமத்தின் கீழும் வெளியிட்டது.

டிசம்பரிலும் அதே குரல்கள் எழுந்தன. அதே ஆவேசம் இருந்தது. சந்தாவை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஆவேசத்தின் பயனாக நீக்கப்பட்டவர்களுள் ஒருவருக்கேனும் அந்த நாற்காலி திரும்பக் கிடைத்ததாக நான் அறியேன். ஏன்? ஜனவரியில் தங்கள் சொந்த நலன் பாதிக்கப்பட்டதால் மனமார உழைத்தார்கள், டிசம்பரில் பிறர் நலன் என்பதால் வாயளவில் வருந்தினார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஒப்பவில்லை. டிசம்பரின் துக்கம் பொய்யன்று. வேறுபாடு கோரிக்கையில் இருந்தது. ஜனவரியில், 'பழைய உரிமத்தைத் தொடாதே' என்ற ஒரே கோரிக்கை அனைவர் வாயிலும் இருந்தது. அதைக் கேட்பதற்குரிய தரப்பும் தெளிவாக இருந்தது. அதற்கு இணங்குவதைவிட மறுப்பதே அதிக நஷ்டம் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தது. டிசம்பரில், நீக்கப்பட்டவர்களின் சார்பில் நின்று இதைக் கொடு என்று கேட்க அந்த வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கவில்லை. நீக்காதே என்பதா, நஷ்டஈடு கொடு என்பதா, லாபம் ஈட்டிய பிரிவில் கை வைக்காதே என்பதா? அபிமானிகள் தாமாக எதைக் கேட்பார்கள்? வாங்குவதை நிறுத்தினால் விற்பனை குறையும், அடுத்த ஆட்குறைப்புக்கு அதுவே காரணமாகக் காட்டப்படும். வாங்குவதைத் தொடர்ந்தாலோ, லாபம் உயர்ந்திருந்தபோதே ஆட்குறைப்பு நடந்ததை இப்போதுதான் கண்டோம். வாங்குவதும் வாங்காமையும் ஆகிய இரண்டு ஆயுதங்களை மட்டுமே கையில் வைத்திருக்கும் அபிமானிக்கு, இரண்டும் பயன்படாத களம் அது.

இந்தக் களத்தில் வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. அதுவும் இத்துறையிலேயே உண்டு. நான் முன்பு பெயர் சொன்ன பைஸோ பதிப்பகத்தில், 2021ஆம் ஆண்டு, பணிநிலைமை பற்றிய குறைகள் வெளியே பேசப்பட்டபோது, ஊழியர்கள் அக்டோபர் 14ஆம் தேதி தாங்கள் ஒரு தொழிற்சங்கம் அமைத்துவிட்டதாக அறிவித்தனர். மேசைக் கதையாட்டத் துறையில் அத்தகைய சங்கம் அதுவே முதல். அப்பதிப்பகத்துக்கு வெளியிலிருந்து எழுதிக்கொடுத்துவந்த எழுத்தாளர்கள் பலர், சங்கத்தை அங்கீகரிக்கும்வரை எழுத்தைத் தருவதில்லை என்று நின்றார்கள். கூலி சொற்பமானாலும் அதையே நம்பியிருந்தவர்கள் அவர்கள் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். அபிமானிகளும் பெருந்திரளாக அவர்களுக்கு ஆதரவு காட்டினர். ஒரே வாரத்தில், 21ஆம் தேதி, நிர்வாகம் தானாகவே சங்கத்தை அங்கீகரித்தது.

பைஸோ சிறிய கம்பெனி, ஹாஸ்ப்ரோ பங்குச் சந்தையில் நிற்கும் பெருங்கம்பெனி என்று ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் சரியானதே. முதலாளியின் முகத்தைத் தொழிலாளர் அறிந்திருக்கும் இடத்தில் ஒரு வாரத்தில் முடிந்தது, முகமற்ற பங்குதாரர்கள் உள்ள இடத்தில் பத்தாண்டுகள் எடுக்கக்கூடும். ஆயினும் முறை ஒன்றே. உழைப்பவர் முதலில் ஒன்றுகூடித் தமக்கு வேண்டியதைச் சொல்கிறார். அபிமானி அவருக்குப் பின்னே நிற்கிறார். ஜனவரியில் அபிமானிகள் முன்னே நின்றது நியாயம், ஏனெனில் அது அவர்களுடைய வழக்கு. டிசம்பரின் வழக்கு ஊழியர்களுடையது. அங்கே அவர்களைக் கேளாமல் அவர்களுக்காக ஆவேசப்படுவது, எவ்வளவு உண்மையானதாயினும், காற்றில் கரைந்துவிடுகிறது.

பின்னே நிற்பதற்கு, யாருக்குப் பின்னே என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த விதிநூல்களைத் திறந்தால் முதற்பக்கங்களில், சிறிய எழுத்தில், பெயர்கள் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். வடிவமைத்தவர், எழுதியவர், செப்பனிட்டவர், சித்திரம் வரைந்தவர், பக்கம் அமைத்தவர், ஆடிப் பரிசோதித்தவர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். விசார்ட்ஸின் ஆட்டத்தைப் பத்தாண்டு ஆடியவர்களுக்குக்கூட அதில் இரண்டு மூன்று பெயர்களே பரிச்சயம். டிசம்பரில் அபிமானிகள் துக்கித்ததும் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று பெயர்களுக்காகவே. ஹாஸ்ப்ரோ நீக்கிய 1,100 பேரில் பொம்மைப் பிரிவினரும், கணக்கு எழுதுபவரும், சரக்கு அனுப்புபவரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் பேசியது மிகக் குறைவு.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நேசம், தான் அறிந்ததன் மேலேயே முதலில் பாயும். ஆனால் அதன் விளைவை 2025இல் கண்டோம். கணினித் திரையில் முப்பரிமாண மேசையை அமைத்துத் தரும் 'சிகில்' என்ற திட்டத்தை விசார்ட்ஸ் பல காலம் உழைத்து உருவாக்கி, வெளியிட்ட கையோடு கைவிட்டது. மார்ச் மாதத்தில் அதில் பணியாற்றிய ஏறத்தாழ முப்பது பேர், அதாவது அந்தக் குழுவில் மிகப் பெரும்பாலோர், வேலை இழந்தார்கள். அபிமானிகள் பலர் அத்திட்டத்தைத் தொடக்கமுதலே விரும்பியதில்லை; நண்பர்களோடு நேரில் கூடி ஆடுவதைக் காசாக்கும் முயற்சியென்று ஐயுற்றார்கள். அந்த ஐயத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் டிசம்பரில் ஓங்கி ஒலித்த குரல்களில் சிறுபங்கே இம்முறை எழுந்தது. எழுந்ததிலும், திட்டம் ஒழிந்ததே நல்லது என்ற திருப்தி கலந்திருந்தது. சில மாதங்களில், ஐந்தாம் பதிப்பின் தூண்களாக விளங்கிய ஜெரமி க்ராஃபோர்டும் கிறிஸ் பெர்க்கின்ஸும் விசார்ட்ஸை விட்டு நீங்கி டாரிங்டன் பிரஸ் என்ற பதிப்பகத்தில் சேர்ந்தபோது, அவர்களைப் பின்தொடர்ந்து அபிமானிகளின் கவனமும் ஆவலோடு அங்கே சென்றது. சிகில் குழுவினர் எங்கே சென்றார்கள் என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. அபிமானிகள் வேண்டாத ஒன்றைச் செய்யும்படி பணிக்கப்பட்டு, அதைத் திறம்படச் செய்து, பின்பு அதனாலேயே வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். அபிமானிகளின் ஆதரவு டிசம்பரில் நீக்கப்பட்ட வடிவமைப்பாளர்களுக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவும் இவர்களுக்கும் உரியது என்பதை இச்சபையின் முன் அழுத்திச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.